ஆண்டலூசியா போறீங்களா? வெயில் கணக்கு பாத்துட்டு டிக்கெட் போடுங்க

ஸ்பெயினோட தெக்கு ஓரத்துல ஆண்டலூசியான்னு ஒரு மாநிலம், செவியா, கோர்டோபா, கிரனாடா, மாலகா எல்லாம் அதுக்குள்ளதான் வரும். ஜெர்மனில வேலைங்கறதால நான் மூணு தடவ போயிட்டு வந்துட்டேன். மொத தடவ தனியா ஆகஸ்ட்ல போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், மூணாவது தடவ மதுரைலேர்ந்து வந்த அப்பா அம்மாவ ஏப்ரல்ல கூட்டிட்டுப் போனேன், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஊரு அதேதான், நான் போன மாசமும் வெளிய கெளம்புன நேரமும்தான் வேற. அதனால புதுசா போறவங்க எத முன்னாடி செய்யணும், எத அப்புறம் பாத்துக்கலாம்னு வரிசையா எழுதறேன். ஒரு விஷயம், போர்டுல எழுதியிருக்கறத பாத்தா செவில்லான்னுதான் வாசிக்கத் தோணும், அங்க செவியான்னு சொன்னாத்தான் புரியும்.

மொதல்ல மாசத்த முடிவு பண்ணுங்க

"நாம பாக்காத வெயிலா"ன்னு நானும் நெனச்சேன். செவியால ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டறது சாதாரணம், செவியாக்கும் கோர்டோபாவுக்கும் நடுவுல எசிகான்னு ஒரு ஊரு, அதுக்கு பேரே ஆண்டலூசியாவோட வாணலி. வேர்க்கவே வேர்க்காது, காத்து அவ்ளோ வறண்டு கெடக்கும், வேர்வ வர்றதுக்குள்ள காஞ்சிடும், அதனால தண்ணி குடிக்கணும்னே தோணாது, சாயங்காலம் பாத்தா தலை கிண்ணுனு வலிக்கும். 

இன்னொன்னு யாரும் சொல்லித் தரல, கடிகாரக் கணக்கு. ஸ்பெயின்ல முக்காவாசி பூமி உருண்டைல லண்டனுக்கும் மேக்க இருக்கற எடம், ஆனா நேரம் வச்சிருக்கறது ஜெர்மனி நேரம். கோடைல சூரியன் உச்சிக்கு வர்றப்போ செவியா கடிகாரத்துல மணி கிட்டத்தட்ட ரெண்டே கால், ரெண்டரை. நம்ம ஊர்ல 12 மணி வெயில்னு சொல்றது அங்க ரெண்டரைக்கு, நம்ம ரெண்டு ரெண்டரை மணி வெயில் அங்க அஞ்சு மணிக்கு. நான் "நாலு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும்"னு ரூம்லேர்ந்து கெளம்பி பிளாசா தே எஸ்பான்யா நடுவுல போய் நின்னேன் பாருங்க, அவ்ளோ பெரிய மைதானத்துல நான், ஒரு குதிர வண்டி, அந்த குதிர, வேற யாரும் இல்ல. ஜூன் கடைசில அங்க சூரியன் மறையவே ராத்திரி ஒம்போதே முக்கா ஆகும்.

அதனால மார்ச் நடுவுலேர்ந்து மே வரைக்கும், இல்லன்னா செப்டம்பர் கடைசிலேர்ந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் போங்க. ஸ்கூல் லீவுன்னு ஜூலைல தான் முடியும்னா கடலோரம் மாலகா, காடிஸ் பக்கமே தங்கிட்டு, உள்நாட்டு ஊருங்கள காலைல மட்டும் பாத்துட்டு ஓடி வந்துடுங்க. ஏப்ரல்லயும் ஒரு சிக்கல் இருக்கு, ஈஸ்டருக்கு முந்தின வாரம் செமானா சாந்தா, தலைல கூம்பு தொப்பி போட்டு மொகத்த மூடிட்டு ஊர்வலம் போவாங்க, சப்பரம் மாதிரி பெரிய பெரிய மேடையில சொரூபத்த வச்சு ஆளுங்க அடியில நின்னு தோள்ல, கழுத்துல தூக்கிட்டு வருவாங்க, பாக்கணும்னு ஆசப்பட்டா அதுக்குன்னே போங்க, மத்தபடி அந்த வாரத்துல ரூம் வாடகை எகிறிடும், தெருவெல்லாம் அடைச்சிருக்கும், ஹோட்டல் வாசல்ல போய் சேர்றதே பெரும்பாடு. அதுக்கு கொஞ்ச நாள் கழிச்சு வர்ற செவியா திருவிழால போட்டிருக்கற பந்தல்ல முக்காவாசி தனியார் பந்தல், அழைப்பு இல்லாம உள்ள விட மாட்டாங்க, வெளிய நின்னு வேடிக்கதான்.

விசா, சுருக்கமா

இந்தியா பாஸ்போர்ட்டுன்னா ஷெங்கன் விசா வேணும், ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து அப்ளை பண்ணலாம், 30,000 யூரோ கவர் ஆகற இன்சூரன்ஸ் கட்டாயம். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும். ஆண்டலூசியாவோட தெக்கு முனைல இருக்கற தாரிஃபாங்கற ஊர்லேர்ந்து படகு ஏறுனா மொராக்கோ ஒரு மணி நேரம், கடலுக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கே தெரியும், ஆசையாத்தான் இருக்கும். ஆனா ஒரு தடவ மட்டும் நுழையற விசா இருந்தா படகுல ஏறுன நிமிஷமே உங்க ஐரோப்பா பயணம் முடிஞ்சு போச்சு, திரும்பி உள்ள விட மாட்டாங்க, மொராக்கோவுக்கும் தனியா விசா வேணும். 

அல்ஹம்ப்ரா டிக்கெட், ஃப்ளைட்டுக்கும் முன்னாடி

இதத்தான் எல்லாரும் கோட்ட விடறாங்க, நானும் விட்டேன். கிரனாடால இருக்கற அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஒரு நாளைக்கு இத்தன பேர்னு கணக்கு வச்சுத்தான் விடறாங்க, சீசன்ல வாரக்கணக்கா முன்னாடியே தீந்துடும். மொத தடவ காலைல ஏழு மணிக்கு மலையேறிப் போய் கவுண்டர்ல நின்னா "இன்னைக்கு இல்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அதனால மாசம் முடிவானதும் அல்ஹம்ப்ராவோட அரசு வெப்சைட்ல தேதி பாருங்க, எந்த தேதி கெடைக்குதோ அத நடுவுல ஆணி அடிச்ச மாதிரி வச்சுட்டு அதச் சுத்தி மத்த ஊருங்கள போடுங்க.

டிக்கெட்ல மூணு விஷயம் கவனிங்க. கோட்டைக்குள்ள முஸ்லிம் ராஜாக்கள் இருந்த நஸ்ரித் அரண்மனைகளும் சேந்த டிக்கெட்டா இருக்கணும், வெறும் தோட்டத்துக்கு மட்டும்னும் ஒன்னு விக்கறாங்க, அத அவசரத்துல எடுத்துட்டா சாப்பாடு இல்லாத வாழ இல தான். ரெண்டாவது, டிக்கெட்ல போட்டிருக்கற மணி அரண்மனைக்குள்ள நுழையற மணி, கோட்டை வாசலுக்கு வர்ற மணி இல்ல. மேல ஹெனெராலிஃபே தோட்டத்துலேர்ந்து அரண்மனை வாசலுக்கு நடக்கவே இருவது நிமிஷம் ஆகும், வயசானவங்க கூட வந்தா இன்னும் கூட. மூணாவது, பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல இருக்கணும், அப்பா "ஜெராக்ஸ் போதாதா"ன்னு கேட்டாரு, போதாது. எல்லாமே தீந்து போயிருந்தா ராத்திரி நேர டிக்கெட் தனியா இருக்கும், அதையும் பாருங்க.

உள்ள போனப்புறம் ஓடாதீங்க. சிங்கங்களோட முற்றம்னு ஒரு எடம், 12 கல் சிங்கம் வட்டமா நின்னு முதுகுல ஒரு தொட்டிய தாங்கிட்டு இருக்கும், அந்த தொட்டி விளிம்புல சுத்தி இபின் சம்ரக்னு 14ஆம் நூற்றாண்டு கவிஞர் எழுதுன பாட்டு அரபில செதுக்கியிருக்காங்க. சுவர் முழுக்க பூ வேலைன்னு நெனச்சு கிட்டப் போய் பாத்தா பாதி எழுத்து, "வெல்பவன் இறைவன் ஒருவனே"ங்கற ஒரே வரி திரும்பத் திரும்ப. அந்த வரிய சுவரெல்லாம் எழுதி வச்ச நஸ்ரித் வம்சம் 1492 ஜனவரி 2ஆம் தேதி ஸ்பெயினோட கிறிஸ்தவ ராஜா ராணிகிட்ட கோட்ட சாவிய கொடுத்துட்டுப் போயிருச்சு. அம்மாவுக்கு சிங்கத்த விட பிடிச்சது தண்ணி, தாரோ ஆத்துலேர்ந்து சில மைல் வாய்க்கால் வெட்டி மலை மேல தண்ணி கொண்டு வந்திருக்காங்க, ஹெனெராலிஃபேல ஒரு படிக்கட்டோட கைப்பிடி சுவர் மேலயே தண்ணி ஓடும், அம்மா கையில அள்ளி அள்ளி மொகத்துல வச்சுக்கிட்டே எறங்குனாங்க.

எந்த ஊர்ல எத்தன நாள்

எட்டு நாள் இருந்தா செவியால மூணு ராத்திரி, கிரனாடால ரெண்டு, மாலகால ரெண்டு மூணு. கோர்டோபாவுக்கு தனியா ரூம் வேணாம், செவியாலேர்ந்து வேக ரயில்ல முக்கா மணி நேரம், காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம். மாட்ரிட்ல எறங்கறவங்களுக்கு செவியா ரயில்ல ரெண்டரை மணி நேரம். ரயில் டிக்கெட் முன்னாடி எடுத்தா பாதி காசு மிச்சம். பெரிய ஸ்டேஷன்ல வேக ரயிலுக்கு பெட்டிய ஸ்கேன் பண்ணித்தான் விடுவாங்க, கெளம்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே கதவ சாத்திடுவாங்க, நம்ம ஊர் மாதிரி ஓடிப் போய் தொத்திக்கற கதையெல்லாம் நடக்காது. கிரனாடா மாலகா நடுவுல பஸ்தான் வசதி, ஒன்றரை ரெண்டு மணி நேரம்.

கார் எடுக்கலாமான்னு நெறய பேர் கேப்பாங்க. ரோண்டாங்கற மலை ஊரு, வெள்ளையடிச்ச வீடுங்க இருக்கற கிராமங்கள் பக்கம் சுத்தறதுன்னா எடுங்க, இந்திய லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேணும். செவியா, கிரனாடா பழைய ஊருக்குள்ள மட்டும் வண்டிய விடாதீங்க, ரெண்டு பக்கமும் கண்ணாடி உரசற மாதிரி சந்து, அனுமதி இல்லாத வண்டி உள்ள வந்தா கேமரா புடிச்சு வீட்டுக்கு ஃபைன் வரும், எனக்கு வந்தது.

செவியா

காலைல எட்டரை மணிக்கு வெளிய வந்துடுங்க, ஒரு மணி ரெண்டு மணிக்குள்ள பாக்க வேண்டியத பாத்துட்டு, நல்லா சாப்ட்டு, ரூம்ல போய் தூங்கிட்டு, ஏழு மணிக்கு மேல திரும்ப கெளம்புங்க. சின்ன கடையெல்லாம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் சாத்தியிருக்கும், ஞாயித்துக்கெழம சூப்பர் மார்க்கெட்டே முக்காவாசி தொறக்காது, சனிக்கெழமயே தயிர் பழம் வாங்கி வச்சுக்கோங்க. கோடைல கடத்தெருவுல ரெண்டு பக்க மாடிக்கும் நடுவுல வெள்ளத்துணி இழுத்து கட்டியிருப்பாங்க, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரியே இருக்கும், நடக்கறதா இருந்தா அந்தத் தெருவா பாத்து நடங்க.

அல்காசார் அரண்மனைக்கும் கத்தீட்ரலுக்கும் டிக்கெட் ஆன்லைன்ல எடுத்துடுங்க. கத்தீட்ரலோட கோபுரம் ஹிரால்தா, 12ஆம் நூற்றாண்டுல மசூதிக்கு கட்டுன மினாரு, மசூதி போய் கத்தீட்ரல் வந்தப்புறம் மேல மணிக்கூண்ட மட்டும் வச்சுட்டாங்க. நூறு மீட்டருக்கு மேல ஒசரம், ஆனா படிக்கட்டு இல்ல, உள்ள சுத்தி சுத்தி 35 சாய்வுப் பாத தான், தொழுகைக்கு கூப்பிடறவரு குதிர மேலயே ஏறிப் போறதுக்காம். மூட்டு வலின்னு ஹோட்டல்லயே இருக்கேன்னு சொன்ன அப்பா நிக்காம ஏறிட்டாரு, கடைசில மட்டும் கொஞ்சம் படி வரும். பிளாசா தே எஸ்பான்யா 1929 கண்காட்சிக்காக கட்டுனது, ஸ்பெயின் மாகாணம் ஒவ்வொன்னுக்கும் வண்ண ஓடு பதிச்ச ஒரு பெஞ்சு, காசு கெடையாது, காலைல ஒம்போதுக்கு முன்னாடி போனா போட்டோல அடுத்தவன் தல வராது.

அப்புறம் தெருவெல்லாம் ஆரஞ்சு மரம் காச்சு தொங்கும். பறிச்சு கடிச்சுடாதீங்க, வாய் கோணிடும். அம்மா கீழ விழுந்த ஒன்ன எடுத்து நகத்தால கீறி மோந்து பாத்துட்டு "இது நாரத்தங்காய் ஜாதி, உப்புல போட்டா ஒரு வருஷம் வரும்"னு சொல்லிட்டு ரெண்ட கைப்பைல வச்சுக்கிட்டாங்க. அங்க ஆரஞ்சுக்கு பேரு நரான்ஹா, அரபு, பாரசீகம், சமஸ்கிருதம்னு பின்னாடியே போனா அந்த வார்த்த தெக்க நம்ம பக்கத்து வேர்ல வந்து நிக்குதுன்னு மொழி ஆளுங்க பல பேர் சொல்றாங்க, அம்மாகிட்ட சொன்னா "நான் மோந்து பாத்தே சொன்னேனே"ங்கறாங்க.

கத்தீட்ரல் வாசல்லயும் அல்ஹம்ப்ரா போற வழியிலயும் சில பெண்கள் ரோஸ்மேரி கொத்த கையில திணிப்பாங்க, வாங்குனா கைய புடிச்சு ரேகை பாத்து நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டு காசு கேட்டு விட மாட்டாங்க. ரேகை பாக்க செவியா வரைக்கும் வரணுமா, கைய பாக்கெட்ல விட்டுட்டு நடங்க.

கோர்டோபா

இங்க ஒரே விஷயம், மெஸ்கிதா. 785 வாக்குல மொத அப்துர் ரஹ்மான் கட்ட ஆரம்பிச்ச மசூதி, 1236ல ஊர் கிறிஸ்தவ ராஜா கைக்கு மாறுனதும் கத்தீட்ரல் ஆச்சு. உள்ள 850க்கு மேல தூண், செவப்பும் வெள்ளையுமா ரெட்ட வளைவு. அப்பா நுழைஞ்சதும் "நம்ம ஆயிரங்கால் மண்டபம்டா"ன்னாரு, அப்புறம் தூண தொட்டுத் தொட்டு பாத்துட்டு "ஒன்னு மாதிரி ஒன்னு இல்லையே"ன்னாரு. சரியாத்தான் புடிச்சாரு, நெறய தூண் பழைய ரோமானிய கட்டடங்கள்லேர்ந்தும், முஸ்லிம்களுக்கு முன்னாடி ஆண்ட விசிகோத் ஆளுங்களோட கட்டடங்கள்லேர்ந்தும் எடுத்து வந்தது, ஒன்னு கட்ட, ஒன்னு நெட்ட, ஒசரம் பத்தாததாலதான் வளைவு மேல இன்னொரு வளைவு வச்சு கூரைய தூக்கியிருக்காங்க. நடுவுல போனா திடீர்னு மேல தொறந்து வெள்ள வெளேர்னு ஒரு பெரிய சர்ச், 16ஆம் நூற்றாண்டுல தூண்கள எடுத்துட்டு அங்க நட்டு வச்சது. தனியா பாத்தா அழகுதான், அந்த இருட்டுத் தூண் காட்டுக்கு நடுவுல எனக்கு ஒட்டல. மே மாசம் மொத ரெண்டு வாரத்துல போனீங்கன்னா வீட்டு முற்றங்கள்ல பூந்தொட்டி வச்சு ஊருக்கே தொறந்து விடுவாங்க, சும்மா நொழஞ்சு பாக்கலாம்.

வயித்துப்பாட்டு விஷயம்

மதிய சாப்பாடு ரெண்டு மணிக்கு மேல, ராத்திரி சாப்பாடு ஒம்போது மணிக்கு மேல, ஏழு மணிக்கு போய் உக்காந்தா அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாங்க. கிரனாடால எந்த பானம் வாங்குனாலும் கூட ஒரு சின்ன தட்டு தின்பண்டம் சும்மா வரும், அப்பா ஃபான்டா சொன்னாரு, ரொட்டி மேல பன்னி ஹாம் வச்சு வந்துச்சு. சைவம்னா வெறும் "சின் கார்னே"ன்னு சொன்னா பத்தாது, கறி இல்லாமன்னுதான் அர்த்தம், சூரை மீன் போட்டு சிரிச்ச மொகத்தோட கொண்டு வந்து வைப்பாங்க. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ"ன்னு மூணையும் சொல்லிடுங்க. செவியால கீரையும் கொண்டக்கடலையும் சீரகம் போட்டு வதக்குனது ஒன்னு, எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ், சப்பாத்தி ஒன்னுதான் குறை. கத்திரிக்காய பொரிச்சு கரும்புப் பாகு ஊத்தி தருவாங்க, நான் அதுக்கு அடிமை. கோர்டோபா சால்மோரேஹோ தக்காளிய ரொட்டியோட அரச்ச ஆறுன சூப், மேல ஹாம் தூவி வரும், முன்னாடியே சொல்லிடணும். கொழா தண்ணி குடிக்கலாம்.

சாயங்காலங்கள்

கிரனாடால சி31, சி32ன்னு குட்டி பஸ் சந்துக்குள்ள பூந்து அல்பைசின் மேட்டுக்கு ஏறும், சான் நிக்கோலாஸ் திண்ணைல போய் உக்காருங்க. எதுக்க அல்ஹம்ப்ரா, பின்னாடி சியெரா நெவாடா மலைல பனி, சூரியன் எறங்க எறங்க கோட்ட செங்கல் நெறத்துலேர்ந்து தேன் நெறத்துக்கு மாறும். கூட்டத்துல பர்ஸ முன்பக்கம் வச்சுக்கோங்க. ஊரே 700 மீட்டர் ஒசரத்துல இருக்கு, ஏப்ரல்லயும் ராத்திரி குளுரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

அந்த ஊரு ஆட்டம் பாட்டு ஃப்ளமெங்கோ பாக்கணும்னா சின்ன எடமா பாருங்க, மைக் வைக்காத எடமா. கிரனாடாவோட சக்ரோமோந்தே மேட்டுல குகைக்குள்ளயே நடக்கும். அந்த ஆட்டத்துல பெரும் பங்கு ஜிப்ஸின்னு சொல்வாங்களே, அந்த ரோமா மக்களோடது, அவங்க முன்னோர் வட இந்தியாலேர்ந்து கெளம்பி 15ஆம் நூற்றாண்டுல ஸ்பெயினுக்கு வந்து சேந்தவங்க. பல வகை 12 எண்ணிக்கைல போகும், அழுத்தம் எங்க விழுதுன்னு தொடைல தட்டிக் கணக்கு போட்டுப் பாருங்க, தாளம் தெரிஞ்சவங்களுக்கு கொண்டாட்டம். கூட சேந்து கை மட்டும் தட்டாதீங்க, கைதட்டறதே அங்க ஒரு வாத்தியம், நாம தப்பா தட்டுனா மேடைல இருக்கறவங்க மொகம் மாறிடும். மாட்டுச் சண்டைக்கு ஜல்லிக்கட்டு மாதிரின்னு நெனச்சு போயிடாதீங்க, அங்க மாட்ட கொன்னுடுவாங்க.

மாலகா பக்கம், கடைசி ரெண்டு மூணு நாள்

இது ஓய்வு எடுக்கற பக்கம். பீச்சுல பழைய படகுக்குள்ள மண்ண கொட்டி நெருப்பு போட்டு மத்தி மீன குச்சில கோத்து சுடுவாங்க, மீன் சாப்பிடறவங்க அத விட்டுடாதீங்க. பிக்காசோ பொறந்த ஊரு இது, 1881ல, மியூசியமும் இருக்கு. பஸ்ல நெர்ஹா போனா 1959ல அஞ்சு பசங்க கண்டுபுடிச்ச குகை, உள்ள 32 மீட்டர் ஒசரத்துக்கு ஒரு இயற்கைத் தூண்.

ரோண்டால ஒரே பாலம் தான் விசேஷம், 1793ல முடிச்சது, கீழ 98 மீட்டர் பள்ளம். பாலத்து மேல நின்னா பாலம் தெரியாது, ஊருக்கு வெளிய எறங்கற பாதைல பாதி தூரம் போய் திரும்பிப் பாத்தாத்தான் தெரியும். காமினிட்டோ தெல் ரேய்ங்கற நடபாத 2015ல சரி பண்ணி தொறந்தது, செங்குத்து பாறைல நூறு மீட்டர் ஒசரத்துல பலக அடிச்ச வழி. ஆன்லைன் புக்கிங் வேணும், எட்டு வயசுக்கு கீழ விட மாட்டாங்க, திங்கள் லீவு, காத்து பலமா அடிச்சா அன்னைக்கே மூடிடுவாங்க. அதனால அத கடைசி நாள்ல வைக்காதீங்க, முந்தின நாள்ல வைங்க.

திரும்பறப்போ மாலகா ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வேணாம், சி1 லோக்கல் ரயில் இருவது நிமிஷத்துக்கு ஒன்னு, சென்டர்லேர்ந்து பத்து பன்னெண்டு நிமிஷம். செக்யூரிட்டில அம்மா கைப்பைய தொறக்கச் சொன்னாங்க, உள்ள அந்த ரெண்டு ஆரஞ்சு. அந்த பொண்ணு கைல எடுத்துப் பாத்துட்டு, மொகத்த சுளிச்சு "கசக்கும்"னு சைகை காட்டுனா, அம்மா "எனக்குத் தெரியும்மா, குடு"ன்னு தமிழ்லயே சொல்லி வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்க.